காதுக்குப் பின்னால் ஒரு தேன்கூடு

இதைப் பற்றி நான் வானொலியில் பேசியபோது நேரம் போதவில்லை, எழுத்தில் தரும்படி சிலர் கேட்டீர்கள். நான் வைத்தியன் அல்ல, கணக்காளன். என் பேத்தியின் காதுதான் என்னை இதைப் படிக்க வைத்தது.

காது மடலுக்குப் பின்னால் விரலை வையுங்கள். கீழ்நோக்கிப் புடைத்த எலும்பு ஒன்று தட்டுப்படும். அதன் பெயர் மாஸ்டொயிட். தனி எலும்பல்ல, பொட்டெலும்பின் ஒரு பகுதி. தலையை மறுபக்கம் திருப்பினால் கழுத்தில் கயிறு போலத் தெரியும் தசை இதிலேதான் பற்றியிருக்கிறது. பிறந்த குழந்தைக்கு இந்தப் புடைப்பு இல்லை. தலை நிமிர்த்தப் பழகி, தசை இழுக்க இழுக்கத்தான் வளர்கிறது.

வெளியே கல் போல இருந்தாலும் உள்ளே தேன்கூடு மாதிரிச் சின்னச் சின்னக் காற்றறைகள். அவை நடுக்காதோடு தொடர்புள்ளவை. காற்றுப் போகும் வழியால் சீழும் போகும், அதுதான் சங்கடம். அயலவர்களோ பெரிய இடத்தவர்கள்: கூரைக்கு மேலே மூளை, பின்னால் மூளையிலிருந்து இரத்தம் இறங்கும் பெருநாளம், உட்புறமாக முகத்தை அசைக்கும் நரம்பு.

பேத்திக்கு ஆறு வயது. தடிமன், பிறகு காதுவலி. நாலாம் நாள் காதின் பின்புறம் சிவந்து வீங்கி, மடல் முன்னுக்குத் தள்ளி நின்றது. "ஒத்தடம் குடுத்தால் சரிவரும்" என்றேன் நான். நல்லகாலம், மகள் கேட்கவில்லை. அன்றிரவே வைத்தியசாலை. நாளத்தின் வழியாக ஐந்து நாள் மருந்து ஏற்றினார்கள், சத்திரசிகிச்சை தேவைப்படவில்லை. இப்படி வீங்கினால் எண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டு இராதீர்கள், அன்றைக்கே காட்டுங்கள்.

பென்சிலின் வருமுன் எலும்பைத் திறந்து சீழை வெளியேற்றுவதே வழி. ஜெர்மனியின் ஷ்வார்ட்சே 1873இல் அம்முறையை விவரித்து எழுதினார். இன்று அதே எலும்பைக் குடைந்துதான் காது கேளாதோருக்குச் செவிநத்தைக் கருவி பொருத்துகிறார்கள். நம் மெல்பேர்னில் பேராசிரியர் கிரேம் கிளார்க்கின் குழு 1978இல் செய்ததும் அப்படித்தான்.

வீடு திரும்பும் நாள் டொக்டர் ஒரு இசைக்கவையைத் தட்டி அதன் காம்பை அந்த எலும்பில் வைத்தார். பேத்தி கண்ணை அகல விரித்தாள். "அம்மப்பா, மண்டைக்குள்ள மணி அடிக்குது!"