ஓசியில் படிக்கலாம், செலவு யாருடையது?

ஆய்விதழ் ஒன்றை எவரும் காசில்லாமல் படிக்கத் திறந்துவிட்டால், அதற்குச் சந்தா கட்டிவந்த நூலகத்துக்குச் சங்கடம் தொடங்குகிறது. கட்டினாலும் கட்டாவிட்டாலும் அதே கட்டுரைகள்தான் கிடைக்கும். "சும்மா கிடைப்பதற்கு எதற்கு இந்தத் தொகை?" என்று நிதிப் பிரிவு கேட்டால் நூலகரால் பதில் சொல்ல முடியாது. எல்லா நூலகங்களும் இப்படிக் கழன்றுகொண்டால் இதழே நின்றுவிடும். பொருளியலில் இது ஓசிச் சவாரிச் சிக்கல் எனப்படுகிறது. பயன்பெறும் கூட்டம் பெரிதாகப் பெரிதாக இது முற்றும் என்று பொருளியலாளர் மான்சர் ஓல்சன் 1965-இல் வெளியான நூலில் விளக்கினார்.

படிப்பவருக்குப் பதில் கட்டுரை எழுதுபவரிடம் கட்டணம் வாங்குவது ஒரு வழி. ஓசிச் சவாரி ஒழியும். பணமில்லாத ஆய்வாளரும் சேர்ந்தே ஒழிவார்.

இன்னொரு வழி, கேட்டுப் பார்ப்பது. பால் கின்ஸ்பார்க் 1991-இல் தொடங்கிய ஆர்க்கைவ் கட்டுரைக் களஞ்சியம் 2001-இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. அதை அதிகம் பயன்படுத்தும் நிறுவனங்களிடம் 2010-இல் கார்னெல் பங்களிப்புக் கேட்டது. கொடுக்காதவருக்கும் கதவு திறந்தே இருந்ததால், வந்ததெல்லாம் நல்லெண்ணத்தின் பேரில் வந்ததுதான்.

அமெரிக்காவில் லாப நோக்கமின்றி இயங்கும் ஆனுவல் ரிவியூஸ் பதிப்பகம் சூட்சுமமாக யோசித்தது. அதன் திட்டப்படி, பழைய சந்தாதாரர்கள் 5 சதவீதத் தள்ளுபடியில் புதுப்பிக்கலாம். போதுமான பேர் புதுப்பித்தால் அந்த ஆண்டின் தொகுதி உலகுக்கே திறக்கும். இல்லையென்றால் பூட்டியே கிடக்கும், கட்டியவர் மட்டும் படிக்கலாம். ஆண்டுதோறும் இதே கணக்கு. இங்கே நூலகரிடம் பதில் இருக்கிறது: கட்டாவிட்டால் நம் பேராசிரியர்களுக்கே இதழ் கிடைக்காமல் போகலாம். 2020-இல் ஐந்து இதழ்களில் சோதித்த இந்த முறையைப் பின்னர் வேறு பதிப்பகங்களும் எடுத்துக்கொண்டன. ஓட்டை இல்லாமல் இல்லை. மற்றவர்கள் கட்டிவிடுவார்கள் என்று பந்தயம் கட்டும் நூலகத்தை இது முழுக்கத் தடுக்காது.

சந்தாவே கட்டியிராத ஏழைக் கல்லூரி படிப்பதை ஓசி என்று பழிப்பது பொருந்தாது. இதழைத் திறந்ததே அவர்களுக்காகத்தான். வசதியிருந்தும் விலகுபவரால்தான் கணக்கு உதைக்கிறது. துகள் இயற்பியலுக்காக செர்ன் ஆய்வகம் நடத்தும் ஸ்கோப்3 கூட்டமைப்பு இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் பார்த்தது. 2014-இல் செயல்படத் தொடங்கிய அது, நூலகங்களின் சந்தாப் பணத்தைத் திருப்பிவிட்டு இதழ்களைத் திறந்துவைக்கிறது. எந்த நாட்டு விஞ்ஞானிகள் எத்தனை கட்டுரை எழுதுகிறார்களோ, அந்த விகிதத்தில் அந்நாட்டின் பங்கு அமைகிறது. கொடுக்க இயலாத நாடுகளுக்கென்று 10 சதவீதம் முதலிலேயே கணக்கில் ஒதுக்கப்பட்டுள்ளது.