புத்தக மதிப்பு பூஜ்யம்!

நான் பி.காம். படித்தவன். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதன் தேய்மானம்தான் முதலில் கண்ணில் படும். அப்பாவின் பிரம்பு நாற்காலியையும் அப்படித்தான் பார்த்தேன். வயது நாற்பதுக்கு மேல். உட்காரும் இடத்தில் ஓர் ஓட்டை... பூனை உள்ளே போய்ச் சாவகாசமாக வெளியே வரலாம். புத்தக மதிப்பு பூஜ்யம். பழைய பேப்பர்காரர் நூறு ரூபாய் தருகிறேன் என்றார். சுத்த லாபம்!

அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"டேய், உங்கப்பா ரிடையர் ஆன நாள்லேர்ந்து போற வரைக்கும் அதுலதான்டா உக்காந்திருந்தார். குடுக்கறதுன்னா என்னையும் சேர்த்துக் குடுத்துடு!"

பேப்பர்காரர் மரியாதையாக நழுவிவிட்டார்.

அம்பத்தூரில் இரண்டு கடைகள் ஏறி இறங்கினேன். "பலகை அடிச்சு மேல ரெக்ஸின் போட்டுடலாம் சார்" என்றார்கள். பிரம்புப் பட்டை பின்ன ஆளில்லை. கடைசியில் ஒருத்தர், "பூந்தமல்லி கரையான்சாவடி பக்கம் ஒரு பெரியவர் இருக்கார். ஆனா அவருக்குக் கண்ணு தெரியாது, பரவாயில்லையா?" என்று கேட்டார்.

எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். ஆனாலும் நாற்காலியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

பெரியவர் நாற்காலியைத் தலைகீழாக்கி, சட்டத்தை விரலால் ஒரு சுற்று தடவினார். கைப்பிடியைத் தொட்டார். கால்களைத் தொட்டார்.

"இதுல உக்காந்தவரு இடது பக்கமா சாஞ்சு உக்காருவாரா தம்பி?"

தூக்கிவாரிப் போட்டது. அப்பாவுக்கு வலது காது மந்தம். ரேடியோ இடது பக்கம்தான் இருக்கும். சாயங்காலச் செய்திக்கு அந்தப் பக்கமே சாய்ந்திருப்பார். முப்பது வருஷம் கூடவே இருந்த எனக்கு, இடது கைப்பிடி மட்டும் தேய்ந்திருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பெரியவர் சின்ன வயதில் பூந்தமல்லி பார்வையற்றோர் அரசுப் பள்ளியில் படித்தவர். அப்போதெல்லாம் உலகம் முழுக்கவே பார்வையற்றோருக்கு நாற்காலி பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்த சிப்பாய்களுக்காக 1943-ல் டேராடூனில் ஓர் இல்லம் தொடங்கினார்கள். அதன் வழியில் வளர்ந்த தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் ஒன்று இன்றைக்கு இதே பூந்தமல்லியில் இருக்கிறது. அரசு அலுவலகங்களில் நாற்காலி பின்னுவதற்கென்றே ஆள் எடுத்த காலமும் உண்டு. நம்மவரும் அப்படி ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்தான்.

"அப்புறம் குஷன் சேர் வந்துச்சு, பிளாஸ்டிக் வந்துச்சு. எனக்கு சம்பளம் வந்துச்சு, வேலை வரல!" என்று சிரித்தார்.

கூலி 1,800 ரூபாய் என்றார். ரத்தம் சும்மா இருக்குமா? 1,200 என்றேன். "நாளைக்கு வந்து பாத்துட்டு சொல்லு தம்பி" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் போனேன். பழைய பட்டையை அறுத்தெடுத்து, ஒவ்வொரு துளையையும் ஆணியால் சுத்தம் பண்ணியிருந்தார். எண்ணிப் பார்த்தேன், எழுபத்தாறு துளைகள்.

பிரம்பு மூங்கில் மாதிரி குழல் அல்ல, உள்ளே கெட்டி. பனை, தென்னைக்குச் சொந்தக்காரன். ஆனால் நிமிர்ந்து நிற்காது, முள்ளைக் கொக்கியாக மாட்டி அடுத்த மரத்தின் மேல் ஏறிவிடும் (நம் ஆபீஸிலும் சிலர் இப்படி உண்டு!). அதன் பளபளப்பான மேல்தோலை உரித்தால் நாற்காலிப் பட்டை. உள்தண்டில் கூடை நாற்காலி பின்னலாம். சீர்காழி பக்கம் தைக்கால் கிராமமே பிரம்புச் சாமான்களுக்குப் பேர்போனது. அங்கேயும் இப்போது பிரம்பு அஸ்ஸாம் மாதிரி தூரத்து ஊர்களிலிருந்துதான் வருகிறது.

பட்டையைத் தண்ணீரில் கால்மணி நேரம் ஊறவைத்தார். பிறகு முன்னும் பின்னுமாக ஒரு வரிசை, அதன் மேல் குறுக்கே ஒன்று, மறுபடி முன்பின், மறுபடி குறுக்கே... இந்த நான்காவதில்தான் மேலே கீழே என்று கோத்துப் பின்னல் ஆரம்பிக்கிறது. பிறகு மூலைவாட்டில் இரண்டு. கடைசியில் துளைகளை மறைத்து ஓரப்பட்டை. மொத்தம் ஏழு கட்டம். ஒரு பட்டை தப்பினாலும் எட்டு மூலைக் கண்கள் சரியாக விழாது. அவர் விரல் மட்டும் தப்பவில்லை.

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். பட்டைக்கே 600 ரூபாய். நான் கேட்ட 1,200-ல் மிச்சம் 600. வேலை மூன்று நாள். நாளொன்றுக்கு 200 ரூபாய்! பி.காம். படிப்புக்கு அன்றைக்குத்தான் நிஜமாக வெட்கப்பட்டேன். பாண்டியன் அடித்த ஒரு பிரம்படி எல்லார் முதுகிலும் விழுந்ததாமே, இது என் முதுகில் மட்டும் விழுந்தது.

மூன்றாம் நாள் 1,800-ஐ எண்ணிக் கொடுத்தேன். அவரும் விரலால் எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

"பின்னல் மேல ஏறி நின்னு பல்பு மாட்டாதே. வெயில்ல போடாதே. நாளாவட்டத்துல தொங்குச்சுன்னா அடிப்பக்கம் ஈரத்துணி வெச்சு, ராத்திரி பூரா நெழல்ல காயவிடு. இழுத்துக்கும்."

"உங்ககிட்ட யாராவது கத்துக்கறாங்களா?"

"பேரன் பாப்பான். செல்போன்ல படம் புடிப்பான். கையில எடுக்கமாட்டான்."

நாற்காலி வீட்டுக்கு வந்தது. அம்மா அதில் உட்காரவில்லை. பின்னலை ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டு, ரேடியோ இருந்த பக்கமாகத் திருப்பிப் போட்டாள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஓட்டை விழுந்த நாற்காலி ஒன்று கிடக்கலாம். பேப்பர்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால், எந்தக் கைப்பிடி தேய்ந்திருக்கிறது என்று ஒருமுறை தொட்டுப் பாருங்கள். பின்னத் தெரிந்தவரைத் தேடுங்கள். கிடைத்தால்... தயவுசெய்து பேரம் பேசாதீர்கள், சார்!