எண்மிய ஓவியமும் உருவாக்கத் தடமும்: ஒகேனக்கல் காட்சியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

எண்மிய ஓவியத்திற்குக் கையால் தொட்டுப் பார்க்கத்தக்க மூலப்படி இல்லை. அதனால் ஓவியர் தம் படத்துடன் வெளியிடும் உருவாக்கமுறை, கற்பித்தற்கருவி என்னும் நிலையைக் கடந்து சான்றாவணம் என்னும் தகுதியைப் பெறுகிறது. ஒகேனக்கல் அருவிக்காட்சியை வரையும் முறையையும் தருமபுரி, செங்கம் பகுதி நடுகற்களை வரைவதில் எழும் சிக்கலையும் கொண்டு இக்கருத்து இங்கு விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: எண்மிய ஓவியம், அடுக்கு, உருவாக்கத் தடம், ஒகேனக்கல், நடுகல், இதழோவியம்.

முன்னுரை

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில், காவிரி தமிழகத்திற்கும் கர்நாடகத்திற்கும் எல்லையாக ஓடும் இடத்தில் அமைந்துள்ளது ஒகேனக்கல். கன்னடத்தில் ‘ஹொகே’ என்பது புகை. ‘கல்’ என்பது பாறை. வீழும் நீர் பாறையில் மோதி எழுப்பும் துளிமண்டலம் புகைபோல் தோன்றுவதால் இப்பெயர் வந்தது என்பர். ஓவியர் எதிர்கொள்ளும் சிக்கலை ஊர்ப்பெயரே சொல்லிவிடுகிறது. புகைக்கு விளிம்பு இல்லை. கோட்டோவியமோ விளிம்பை நம்பியே நிற்கிறது.

இன்று தொடுதிரையில் வரையும் ஓவியர் பலர் நிறைவுற்ற படத்தோடு முதற்கோடு, வண்ணத்திட்டம், அடுக்குகள், வரைதலின் விரைவுப் பதிவு ஆகியவற்றையும் பொதுவில் வைக்கின்றனர். இவ்வழக்கம் பெரும்பாலும் பயிற்சியாகவோ விளம்பரமாகவோ மட்டும் பார்க்கப்படுகிறது. எண்மிய ஓவியத்தை ஆய்வுப்பொருளாகக் கொள்வோருக்கு அது வேறொரு வகையில் இன்றியமையாதது.

மூலப்படியின் இடம்

ஆனந்த விகடனின் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காகக் கோயிற்சிற்பங்களின் முன் அமர்ந்து வரைந்தவர் சில்பி. அத்தகைய தாளோவியத்தின் மூலப்படி கிடைக்குமாயின் அழித்த கரிக்கோடு, மேலிட்ட வெள்ளைத் திருத்தம், மையின் அழுத்தம் ஆகியவை அதில் தென்படும். ஓலைச்சுவடியில் அடித்தலும் திருத்தமும் பதிப்பாசிரியருக்கு உதவுவதுபோல, இத்தடயங்கள் ஓவிய ஆய்வாளருக்கு உதவுகின்றன. தாள் தன் வரலாற்றைத் தானே சுமக்கிறது.

எண்மிய ஓவியத்தில் அழித்த கோடு எச்சமின்றி மறைகிறது. ஒரு கோப்பினை எத்தனை முறை படியெடுத்தாலும் படிகளுக்குள் வேறுபாடு இராது. எனவே மூலம், படி என்னும் பாகுபாடே பொருளிழக்கிறது. எஞ்சும் வேறுபாடு ஒன்று உண்டு. அடுக்குகளுடன் கூடிய பணிக்கோப்பு வேறு. அவற்றை ஒன்றாக்கிப் பொதுப்பார்வைக்கு விடும் ‘ஜேபெக்’ படம் வேறு. முன்னதில் வரைவின் கட்டமைப்பு உள்ளது. பின்னதில் மேற்பரப்பு மட்டுமே உள்ளது. அடுக்குமுறை 1994இல் வெளிவந்த ஃபோட்டோஷாப் மூன்றாம் பதிப்பில் இடம்பெற்றது முதல் இவ்விரட்டைநிலை தொடர்கிறது. ஆய்வாளர் கைக்கு வருவதோ பெரும்பாலும் பின்னதே.

ஒகேனக்கல்லை வரைதல்

நீர்வண்ண ஓவியர் அருவியின் துளிமண்டலத்தை வரைவதில்லை; விட்டுவைக்கிறார். தாளின் வெண்மையே அங்கு ஒளி. எங்கே ஒளி நிற்க வேண்டும் என்பதை முதல் தூரிகை வீச்சுக்கு முன்பே அவர் முடிவுசெய்தாக வேண்டும். பின்னர் மனம் மாறினால் அந்த வெண்மையை முழுமையாக மீட்க இயலாது.

எண்மிய ஓவியர் பொதுவாக இவ்வரிசையைத் தலைகீழாக்குகிறார். முதலில் கரும்பாறைகளை முழுமையாக வரைகிறார். அதன்மேல் ஓர் அடுக்கில் நீர்த்தாரை அமைகிறது. பாறைநிழலுக்குப் ‘பெருக்கல்’ என்னும் கலப்புமுறை பயன்படுகிறது. இரண்டு அடுக்குகளின் ஒளி அளவுகள் தம்முள் பெருக்கப்படுவதால் விளைவு கருமை நோக்கிச் செல்கிறது, மேலடுக்கில் வெண்மை உள்ள இடமோ கீழடுக்கை மாற்றாது விடுகிறது. துளிமண்டலம் இறுதியில் வருகிறது. மென்விளிம்புத் தூரிகையால் இட்ட வெண்மையின் ஒளிபுகாத்தன்மையைக் குறைத்து, ‘திரை’ என்னும் கலப்புமுறையில் வைத்தால், கீழுள்ள பாறை மங்கித் தெரியும். அந்த ஓர் அடுக்கை மறைத்தால் புகையற்ற ஒகேனக்கல் காட்சியளிக்கும்.

இங்குதான் கருத வேண்டிய செய்தி உள்ளது. துளிமண்டலத்தின் பின்னுள்ள பாறையை ஓவியர் கண்டிருக்க வாய்ப்பில்லை. மறைந்திருந்த பகுதியை ஊகித்தே வரைந்திருப்பார். நீர்வண்ணத்தில் காணாத பகுதி வெறுந்தாளாக நின்றுவிடும். எண்மிய ஓவியத்தில் காணாததும் வரையப்பட்டு, கண்டதோடு கலந்து நிற்கிறது. ஒன்றாக்கிய படத்தைக் காண்பவர் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது.

நீரளவும் இத்தகையதே. ஒகேனக்கல்லுக்கு மேலே பிலிகுண்டுலுவில் காவிரியின் நீர்வரத்து அளவிடப்படுவதும் அவ்வளவு கன அடிக் கணக்கில் செய்திகளில் வெளிவருவதும் தமிழ் வாசகர் நன்கறிந்தவை. வரத்துக் குறைவான கோடையில் ஐந்தருவியின் தாரைகள் தனித்தனியே இழிகின்றன. பெருவெள்ளத்தில் அவை ஒரே பரப்பாகி, பாறைகள் மூழ்கி, அருவியின் உயரமே புலப்படாது போகிறது. பரிசல் இயக்கவும் குளிக்கவும் தடை விதிக்கப்படுகிறது. பொங்கிப் பாயும் செந்நிற வெள்ளத்தின் நடுவே பயணியர் நிறைந்த பரிசலை ஒரு படம் காட்டுமானால், அது இரண்டு வெவ்வேறு நாள்களின் ஒளிப்படங்களை ஒன்றிணைத்து வரையப்பட்டது எனக் கருதவே இடமுண்டு. ஓவியருக்கு அவ்வுரிமை உண்டு. அப்படத்தைச் சூழலியல் கட்டுரையில் சான்றாக வைப்பவருக்கு அவ்வுரிமை இல்லை.

பரிசல் பற்றியும் ஒரு சொல். மூங்கிற்பிளாச்சுகளால் பின்னிய வட்டக்கலம் அது. முற்காலத்தில் தோல் போர்த்தினர், இக்காலத்தில் நெகிழித்தாளும் தாரும் அவ்விடத்தைப் பெற்றுள்ளன. வட்டமான கலத்திற்கு முன்பின் இல்லை. கரையிலிருந்து நோக்கும்போது அதன் வாய் தட்டையான நீள்வட்டமாகத் தெரியும். இந்நீள்வட்டத்தைக் கருவி ஒரே இழுப்பில் பிழையின்றி அமைத்துத் தரும். ஆனால் கையால் பின்னிய கலத்தின் விளிம்பு அத்துணை ஒழுங்குடையதன்று. களவரைவு ஒன்றை அருகில் வைத்து நோக்கினாலன்றி, அவ்வொழுங்கு கருவியுடையதா கலத்தினுடையதா என்று கூற முடியாது.

பதிவும் தடமும்

வரைதலைக் காட்சியாக்குவது புதிதன்று. ஹென்றி ஜார்ஜ் குளூசோவின் 1956ஆம் ஆண்டுத் திரைப்படம், பிக்காசோ வரைவதைத் தாளின் மறுபுறமிருந்து படம்பிடித்தது. டேவிட் ஹாக்னி 2010இல் பாரிசில் தம் ஐபோன், ஐபேட் ஓவியங்களைக் காட்சிப்படுத்தியபோது, அவை கோடுகோடாக உருவாகும் மீள்பதிவும் இடம்பெற்றது. இன்று ‘ப்ரோகிரியேட்’ போன்ற செயலிகள் இப்பதிவைத் தாமே சேமிக்கின்றன.

எனினும் விரைவுப் பதிவு கையின் இயக்கத்தை மட்டுமே காட்டுகிறது. எந்த ஒளிப்படத்தைப் பார்த்து வரைந்தார், எதனைக் கைவிட்டார், எப்பகுதி ஊகம் என்பவற்றை அது கூறாது. பண்பாட்டு மரபுகளைக் கணினிவழிக் காட்சிப்படுத்துவதற்கான லண்டன் சாசனம் (பதிப்பு 2.1, பிப்ரவரி 2009) இக்குறையையே கருத்திற்கொள்கிறது. காட்சியாக்கத்தின்போது மேற்கொண்ட மதிப்பீடுகளும் முடிவுகளும் பதிவுசெய்யப்பட வேண்டும் என்று அது வலியுறுத்துகிறது. இப்பதிவை அது ‘பாராடேட்டா’ என அழைக்கிறது. தமிழில் ‘உருவாக்கத் தடம்’ எனலாம். கணினிக்காட்சி தன் நேர்த்தியாலேயே உண்மையெனத் தோன்றிவிடும் என்னும் அச்சம் இக்கோரிக்கையின் பின்னுள்ளது. அவ்வச்சம் நியாயமானது.

கல்லில் இல்லாத நிறம்

தமிழ் இதழோவியத்தில் கணினியைத் தொடக்கக் காலத்திலேயே கையாண்டவர்களுள் டிராட்ஸ்கி மருது குறிப்பிடத்தக்கவர். அவர்தம் ‘வாளோர் ஆடும் அமலை’ தமிழ் அரசர், வீரர் உருவங்களை மீட்டுருவாக்கும் முயற்சி. நாடகமும் திரைப்படமும் நாட்காட்டியும் பரப்பிய மணிமுடிக் கோலத்திலிருந்து தமிழ் வீரரைப் பிரித்துக் காணும் தேவையை அவர் தொடர்ந்து பேசிவருகிறார். இத்தேவைக்குத் தருமபுரி, செங்கம் பகுதிகளின் நடுகற்களைவிட நெருங்கிய காட்சிச்சான்று அரிது. உயர்த்திக் கட்டிய கொண்டை, இடையில் சுருக்கமான ஆடை, கைகளில் வில்லும் குறுவாளும், சிலவற்றில் உடலில் தைத்த அம்புகள் என அவை வீரரைக் காட்டுகின்றன. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ நூல் இவற்றுள் பலவற்றை ஆய்வுலகிற்கு அளித்தது.

எடுத்தனூர் நடுகல்லில் வீரனுக்கு அருகே ஒரு நாய் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன் என்பதும் அது கள்ளரை எதிர்த்தது என்பதும் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து அக்கல்வெட்டால் அறியப்படுகின்றன. அதன் நிறம் கல்லில் இல்லை. வண்ணத்தில் வரையும் ஓவியர் ஏதேனும் ஒரு நிறத்தைத் தேர்ந்தே ஆகவேண்டும். செந்நாய்நிறம் தந்தால் அதுவே பாடநூலிலும் காணொளியிலும் படியெடுக்கப்பட்டு, சில ஆண்டுகளில் கோவிவனின் நிறமாகிவிடும். கல்லில் கண்டவற்றை ஓர் அடுக்குத்தொகுதியிலும் ஊகித்தவற்றை மற்றொன்றிலும் வைத்து, அவற்றைத் தனித்தனியே வெளியிட்டால் இம்மயக்கம் எழாது. தொல்பொருள் வரைவாளர் சிதைந்த பகுதியைப் புள்ளிக்கோட்டால் காட்டும் பழைய மரபின் எண்மிய வடிவமே இது.

தமிழ் ஆய்வேடுகளில் இத்தகைய படங்களின் கீழ் ‘படம்: இணையம்’ என்ற குறிப்பே இன்றும் மிகுதியாகக் காணப்படுகிறது. ஓவியரின் பெயரைக்கூடத் தராத இக்குறிப்பால் யாருக்கும் பயனில்லை. ஒகேனக்கல் படமொன்றிற்கு ஓவியர் பெயர், களவரைவு எடுத்த நாள், அன்றைய பிலிகுண்டுலு நீர்வரத்து, பார்வைக்குக் கொண்ட ஒளிப்படங்கள், துளிமண்டலத்தின் பின்னுள்ள பாறை ஊகம் என்னும் குறிப்பு, அடுக்குடன் கூடிய கோப்பு சேமிக்கப்பட்ட இடம் ஆகியன மூன்று வரிகளில் அடங்கும்.