பதினான்கு முடிந்து பதினைந்து நடப்பு

பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்டால் 'பதினான்கு முடிந்து பதினைந்து நடக்கிறது' என்று சொல்வது நம் வீட்டு வழக்கம். முடிந்த வயது ஒன்று, நடப்பு வயது ஒன்று. ஜூனியர் டென்னிஸ் தரவரிசைகளைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல திறவுகோல் எனக்குக் கிடைத்ததில்லை. அங்கே வயதை எண்ணும் முறை அமைப்புக்கு அமைப்பு மாறுகிறது. போதாதற்குப் பள்ளி வகுப்பும் ஒரு வயதாகக் கணக்கில் வருகிறது.

அமெரிக்காவில் நான்கு நாள் இடைவெளியில் பிறந்த இரண்டு சிறுமிகளைக் கற்பனை செய்துகொள்வோம். மூத்தவள் 2010 ஆகஸ்ட் 30-இல் பிறந்தவள். இளையவள் செப்டம்பர் 3-இல்.

அமெரிக்க டென்னிஸ் சங்கம் 12, 14, 16, 18 என்று நான்கு பிரிவுகள் வைத்திருக்கிறது. 14-ஆம் பிரிவில் பதினான்கு முடிந்தவர்களும் ஆடலாம். பதினைந்து முடிகிற மாதம் வந்துவிட்டால் கதவு சாத்தப்படும். தேதி முக்கியமில்லை, மாதம்தான் கணக்கு. ஆகவே மூத்தவளுக்கு அந்தப் பிரிவு 2025 ஜூலை 31-உடன் முடிந்தது. இளையவளுக்கு ஆகஸ்ட் 31 வரை இருந்தது. பிறந்த தேதியைப் பட்டியலில் அச்சிடாவிட்டாலும், ஒரு பெயர் எந்த மாதம் பிரிவு மாறுகிறது என்று கவனித்தால் பிறந்த மாதத்தை ஓரளவு ஊகிக்கலாம். ஓரளவுதான். திறமைசாலிகள் நேரத்துக்கு முன்பே மேல் பிரிவில் ஆடப் போய்விடுவதால் கணக்கு தப்பும்.

சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் ஜூனியர் போட்டிகளில் வேறு விதி. நுழைவதற்குப் பதின்மூன்றாவது பிறந்தநாள் வந்திருக்க வேண்டும். வெளியேறுவதோ பதினெட்டு நிறைகிற ஆண்டின் டிசம்பர் 31. நுழைவுக்குப் பிறந்தநாள், வெளியேற்றத்துக்கு ஆண்டு! நம் இரு சிறுமிகளுக்கும் கடைசி நாள் ஒன்றே: 2028 டிசம்பர் 31. இந்த விதியில் அடிபடுவது ஆண்டுக் கடைசியில் பிறந்த பிள்ளைகள். 2010 ஜனவரி 1-இல் பிறந்தவருக்கு முழுதாக ஆறு ஆண்டுகள் கிடைக்கின்றன. அதே ஆண்டு டிசம்பர் 31-இல் பிறந்தவருக்கு ஐந்துதான். தரவரிசைப் புள்ளியோ சிறந்த ஆறு ஒற்றையர் முடிவுகளையும், சிறந்த ஆறு இரட்டையர் முடிவுகளில் கால் பங்கையும் கூட்டி வருவது. அதற்குள் பிறந்த மாதத்துக்கென்று ஒரு சலுகையும் கிடையாது. பதினான்கு வயதில் பதினொரு மாத வளர்ச்சி என்றால் சர்வீஸின் வேகமே வேறு. டிசம்பர்ப் பிள்ளை தோற்கும்போது 'திறமை போதாது' என்று முடிவு கட்டிவிடுகிறார்களே என்பதுதான் என் ஆதங்கம். மாதக் கணக்குப் பார்க்கும் அமெரிக்க முறையே எனக்கு நியாயமாகப் படுகிறது. அங்கே ஒரு பிரிவில் மூத்தவராக இருக்கும் முறை ஒவ்வொரு மாதத்தில் பிறந்தவர்களுக்கும் மாறி மாறி வரும்.

இனி வகுப்பு. அமெரிக்காவில் பல மாநிலங்கள், செப்டம்பர் 1-க்குள் ஐந்து வயது நிறைந்தால்தான் கிண்டர்கார்ட்டனில் சேர்க்கின்றன. அந்த விதியில் மூத்தவள் 2015-இல் பள்ளிக்குப் போய் 2028-இல் பன்னிரண்டாம் வகுப்பை முடிப்பாள், இளையவள் 2029-இல். நான்கு நாள் வித்தியாசம் ஒரு முழு வகுப்பாகிவிட்டது. நியூயார்க் நகர அரசுப் பள்ளிகளில் எல்லை டிசம்பர் 31; அங்கே வளர்ந்திருந்தால் இருவரும் ஒரே வகுப்பில் இருந்திருப்பார்கள். பிறந்த தேதியை மட்டும் வைத்து வகுப்பைச் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான். எந்த ஆண்டு பள்ளி முடிக்கிறாள் என்பதைக் குடும்பத்திடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த ஆண்டுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? கல்லூரிப் பயிற்சியாளர்கள் உதவித்தொகையோடு ஆள் எடுப்பது பள்ளி முடிக்கும் ஆண்டை வைத்துத்தான். பள்ளி ஆட்டக்காரர்களை வரிசைப்படுத்தும் டென்னிஸ் ரெக்ரூட்டிங் நெட்வொர்க் தன் பட்டியலைப் பிரிப்பதும் அப்படியே. ஒரு வகுப்பின் முதல் 25 பேர் 'புளூ சிப்'. அடுத்த 50 பேருக்கு ஐந்து நட்சத்திரம். 2028 வகுப்பில் முப்பதாவதாக நிற்கும் ஆட்டக்காரி 2029 வகுப்பில் இருந்திருந்தால் முதல் இருபத்தைந்துக்குள் வந்திருக்கலாம். அவளுடைய ஃபோர்ஹேண்டில் ஒரு மாற்றமும் இருந்திருக்காது. பிள்ளையை ஒரு வகுப்பை மீண்டும் படிக்க வைக்கலாமா என்று சில பெற்றோர் கணக்குப் போடுவது இதனால்தான்.

இவை எல்லாவற்றுக்கும் மாறாக, யு.டி.ஆர். என்ற மதிப்பீடு வயது, வகுப்பு, ஆண், பெண் எதையும் பார்ப்பதில்லை. கடந்த பன்னிரண்டு மாதங்களில் ஆடிய ஆட்டங்களில் எதிராளி எவ்வளவு பலசாலி, எத்தனை கேம் எடுத்தாய் என்பதை வைத்து 1 முதல் 16.5 வரை ஓர் எண் தருகிறது. நம் இரு சிறுமிகளும் அதில் ஒரே பட்டியலில், தங்களைவிட இருபது வயது மூத்தவர்களோடு சேர்ந்து நிற்கிறார்கள்.