கேளாமல் வரும் விலை

விற்பனைக்கென அறிவிக்கப்படாத வீட்டைத் தேடி ஒருவர் விலை பேச வருவாராயின், அவர் அதன் மதிப்பை முன்னரே கணித்துக்கொண்டே வருகிறார். வீட்டுக்காரரோ அதுபற்றி எண்ணியும் பார்த்திரார். இக்குறையை நிரப்ப வல்லது கால அவகாசமே. அன்றே முடிவு வேண்டுமென்னும் அவசரம் வாங்குபவருடையது. விற்பவருக்கு அது தேவையில்லை.

இந்நிதானத்துக்கு இலங்கைச் சட்டமும் துணைநிற்கிறது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனையும் விற்பதற்கான உடன்படிக்கையும் எழுத்தில் அமைந்து, நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் கையொப்பமிடப்பட வேண்டும், இன்றேல் செல்லா. ஆகவே, வாசலில் நின்று சொன்ன வாய்ச்சொல்லால் வீடு கைமாறிவிடாது. ஆயினும், முற்பணம் வாங்குவதும் வெற்றுத்தாளில் கையொப்பமிடுவதும் வழக்குக்கு வித்தாகும்.

தேசவழமைக்கு உட்பட்ட காணியாயின் வேறொரு கடமையும் உண்டு. முதலில் வாங்கும் உரிமையை, 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் பங்காளருக்கும், விற்பவர் மரணசாசனமின்றி இறப்பின் உரித்தாளராகக் கூடியவருக்கும் அளிக்கிறது. அவர்களுக்கு அறிவியாது பிறருக்கு விற்றால், அவ்விற்பனை நீதிமன்றம்வரை செல்லக்கூடும்.

விற்கும் எண்ணமிருப்பின், தரகர் யாருக்காக வந்தார் என வினவி, விலையை எழுத்தில் கேட்டல் வேண்டும். அயற்காணிகளின் அண்மைக்கால உறுதிகளைக் காணிப் பதிவகத்தில் பார்வையிட்டு, மதிப்பீட்டாளர் ஒருவரின் கருத்தையும் பெறுதல் நன்று. எண்ணமில்லையெனில் தெளிவாக மறுத்துவிடலே முறை. அரைமனத்து மறுப்பு, கூடுதல் விலை கேட்பதாகவே தரகர் செவியில் விழும்.