உள்ளங்காலிலும் கண்ணிலும் கறுப்பு மச்சம்



பெரம்பலூர், அரியலூர் கிராமங்களில் மச்சம் என்றால் அதிர்ஷ்டம்தான். "மச்சக்காரன்" என்ற பேச்சே அப்படி வந்தது. அநேக மச்சங்கள் ஒரு கேடும் செய்யாதவை என்பதும் உண்மையே. மிகச் சிலருக்கு மாத்திரம் அது புற்றுநோயாகிறது, அல்லது புற்றுநோயே மச்சம்போலத் தோன்றுகிறது. வைத்தியர்கள் இதை மெலனோமா என்பார்கள்.

சரீரத்துக்கு நிறம் கொடுக்கும் மெலனினை உண்டாக்குகிற அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதே இந்நோய். வெள்ளையரைவிட நமக்கு இது அபூர்வம். கறுத்த தோல் வெயிலிலிருந்து காக்கிறது. ஆனால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வருவது வெயிலால் வருவதன்று. ஆகவே அங்கே நிறம் காப்பதில்லை. ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால் பெருவிரலில் கண்டது இதுவே. 1981இல், 36ஆம் வயதில் இறந்தார்.

மக்காச்சோளக் கொல்லையிலும் பருத்திக்காட்டிலும் வெறுங்காலோடு நடப்பவர்கள் இதை முள் குத்தியது, கால் ஆணி என்று எண்ணிப் பிளேடால் சீவிவிடுவார்கள். மாதக்கணக்கில் பெரிதாகிற, ஓரம் ஒழுங்கற்ற, இரத்தம் கசிகிற கறுப்புத் தழும்பையும், நகத்தில் அகன்றுகொண்டே போகிற கறுப்புக் கோட்டையும் தோல் வைத்தியரிடம் காட்டவேண்டும். சதைத்துண்டு எடுத்துச் சோதித்தால் நோய் பரவிவிடும் என்ற பயம் வீண்.

இதே அணுக்கள் கண்ணுக்குள்ளும், விழித்திரைக்குப் பின்னாலுள்ள இரத்தக்குழாய்ப் படலத்தில் உண்டு. (கண் வெள்ளையில் தெரியும் பழுப்புக் கறை நம்மவர் பலருக்கு உள்ளதுதான், பயப்படவேண்டாம். முகத்தில் ஒரு பக்கமும் கண் வெள்ளையும் நீலச்சாம்பல் நிறமாயிருப்பவர்கள் வருஷத்துக்கொருமுறை கண்ணைக் காட்டுவது நல்லது.) உள்ளே வளருகிற கட்டி ஆரம்பத்தில் வலிப்பதில்லை. ஒரு பக்கம் நிழலாடும், மின்னல்போல் ஒளி தெரியும், சிலருக்கு அதுவுமில்லை. சொட்டு மருந்திட்டுக் கண்மணியை விரித்துப் பார்த்தும், ஸ்கேன் எடுத்துமே கண்டுபிடிக்கிறார்கள்.

"கண்ணை எடுக்கவேண்டும்" என்றதும் வீட்டார் பிணியாளரை ஊருக்கு அழைத்துப் போய்விடுகிறார்கள். வலியே இல்லாத கண்ணை யார் கொடுப்பார்கள்? அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. பெரிய கட்டிகளுக்கு இன்றும் அதுதான் வழி. நடுத்தரக் கட்டிகளுக்கோ, கதிரியக்கத் தகட்டைக் கண்ணின் வெளிப்புறத்தில் தைத்துச் சில நாள் வைத்து எடுத்தாலும், கண்ணையே எடுத்தாலும், உயிர்பிழைப்பதில் வித்தியாசமில்லை என்று அமெரிக்காவில் நடந்த பெரிய ஆராய்ச்சி 2001இல் காட்டியது. சென்னை சங்கர நேத்ராலயாவில் பாபா அணு ஆராய்ச்சி மையம் செய்துகொடுத்த அயோடின்-125 விதைகளைக்கொண்டு 2003இல் இச்சிகிச்சை தொடங்கியது.

கண்ணோடு முடிவதில்லை. இந்நோய் இரத்தத்தின் வழியே பரவுவதால் முதலில் கல்லீரலுக்கே போகிறது. பத்து வருஷம் கழித்தும் தலைகாட்டக்கூடும். "கண்ணுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு வயிற்றை ஏன் ஸ்கேன் எடுக்கிறீர்கள்?" என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் விளக்கிச் சொல்லவேண்டியிருக்கிறது. அந்தச் சோதனைக்காக அரியலூரிலிருந்து சென்னைக்குப் போய்வரும்போதெல்லாம் பிணியாளருக்கும் கூட வருகிறவருக்கும் இரண்டு நாள் கூலி போய்விடுகிறது.