102 மருத்துவமனைகள் இருந்த நாட்டில்

கம்போடியாவின் அங்கோர் கோயில்களைப் பார்க்க ஒரு நாள் நுழைவுச்சீட்டு 37 டாலர். 2017 வரை 20 டாலராக இருந்தது. விலையைக் கேட்டதும் எங்கள் குழுவில் சிறு முணுமுணுப்பு. "ஊழியத்துக்கு வந்த இடத்துல ஊர் சுத்த இவ்வளவு செலவா, ஆன்ட்டி?" என்று இளைஞன் ஒருவன் என்னிடமே கேட்டுவிட்டான். ஒவ்வொருவரும் தம் சொந்தப் பணத்தில்தான் சீட்டு வாங்கினோம் என்றாலும் அவன் கேட்டதில் நியாயம் உண்டு. அந்த 37 டாலரில் 2 டாலர் கந்தா போபா குழந்தைகள் மருத்துவமனைகளுக்குப் போகிறது என்று சொன்னேன். பிறகு அவன் பேசவில்லை.

நாங்கள் சிங்கப்பூரில் ஒரு தமிழ்ச் சபையின் மருத்துவக் குழு. நான் பணி ஓய்வு பெற்ற தாதி. அங்கோரை அடுத்த சியெம் ரீப் நகரின் பக்கத்துக் கிராமங்களில் இரத்த அழுத்தம், சர்க்கரை பார்ப்போம், பல் பிடுங்குவோம், குழந்தைகளுக்குப் பூச்சி மாத்திரை கொடுப்போம், வயதானவர்களுக்குப் படிக்கும் கண்ணாடி பொருத்துவோம். வேலை முடிந்ததும் ஒரு நாளை ஊர் பார்க்கவென்று ஒதுக்குகிறோம். அந்த நாள் வீண் என்று நினைப்பவர்கள் எங்கள் சபையிலேயே இருக்கிறார்கள். எனக்கோ, கிராமத்தில் வேலை செய்த நாள்களைவிட அந்த ஒரு நாளே அதிகம் கற்றுத்தந்தது.

காலை உணவு நொம் பன் ச்சோக். அரிசி நூடுல்ஸின் மேல் மீன் குழம்பு ஊற்றி, பச்சைக் கீரைகளும் வாழைப்பூவும் போட்டுத் தருகிறார்கள். இடியாப்பமும் மீன் குழம்பும் தின்று வளர்ந்த நாக்குக்கு அதில் அந்நியம் எதுவும் தெரியவில்லை.

அங்கோருக்குப் போகும் சாலையிலேயே ஏழாம் ஜெயவர்மன் மருத்துவமனை இருக்கிறது. கந்தா போபா குழுமத்தைச் சேர்ந்தது, 1999இல் திறக்கப்பட்டது. கந்தா போபா என்பது சிறு வயதிலேயே இரத்தப் புற்றுநோயில் இறந்துபோன, மன்னர் சிஹானுக்கின் மகளின் பெயர். இந்த மருத்துவமனைகளை வளர்த்தவர் பெயாட் ரிச்னர் என்ற சுவிஸ் குழந்தை மருத்துவர். எழுபதுகளில் புனோம் பென்னில் பணியாற்றிய அவர், கமேர் ரூஜ் இயக்கம் நகரைப் பிடித்தபோது வெளியேற நேர்ந்தது. 1975 முதல் 1979 வரை நடந்த அந்த ஆட்சியில் படித்தவர்கள் தேடித்தேடிக் கொல்லப்பட்டார்கள். முடிவில் நாட்டில் எஞ்சிய மருத்துவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை என்கிறார்கள். சிஹானுக் அழைக்க, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரிச்னர் திரும்பி வந்தார். பிள்ளைகளுக்கு இலவச சிகிச்சை என்பதில் அவர் கடைசிவரை உறுதியாக இருந்தார்.

பணத்துக்காக அவர் செல்லோ வாசித்தார். சனிக்கிழமை மாலைகளில் இந்த மருத்துவமனை அரங்கில் சுற்றுலாப் பயணிகளுக்குக் கச்சேரி நடக்கும். இளைஞர்களிடம் இரத்தம் கேட்பார், வயதானவர்களிடம் பணம் கேட்பார், நடுவயதினரிடம் இரண்டையும் கேட்பார். 2018இல் அவர் காலமானார். இரத்தம் கேட்பது மட்டும் நிற்கவில்லை. டெங்கு கடுமையாகும் பிள்ளைக்கு இரத்தம் தேவைப்படலாம். எங்களில் இருவர் உள்ளே போய்க் கொடுத்தார்கள். மற்றவர்கள் வெளியே காத்திருந்தோம். வாசலில் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு தாய்மார் உட்கார்ந்திருந்தார்கள். படம் எடுக்கக் கைப்பேசியைத் தூக்கியவர்களைத் தடுத்தேன். நம் ஊர் மருத்துவமனை வாசலில் அப்படி யாரும் நம்மைப் படம் எடுத்தால் பொறுப்போமா?

மருத்துவமனைக்கு ஏன் ஏழாம் ஜெயவர்மன் என்ற மன்னனின் பெயர் என்பது தா புரோம் போனதும் விளங்கியது. மர வேர்கள் மதிலைக் கவ்விக் கிடக்கும் கோயில் என்றுதான் எல்லாரும் அதை அறிவார்கள். 1186இல் ஏழாம் ஜெயவர்மன் தன் தாயின் நினைவாக எழுப்பியது அது. அங்கே கிடைத்த சமஸ்கிருதக் கல்வெட்டு, அவன் நாட்டில் 102 மருத்துவமனைகள் இருந்ததாகச் சொல்கிறது. மருத்துவமனைகளுக்கென்றே எழுதிய தனிக் கல்வெட்டுகளும் பல ஊர்களில் கிடைத்திருக்கின்றன. மருத்துவர், மருந்துப் பொருள்களைக் காப்பவர், சமைப்பவர், தண்ணீர் காய்ச்சி மருந்து அரைக்கும் பெண்கள் என்று யார் யார் வேலை செய்ய வேண்டும் என்பதும், தேன், எள், கற்பூரம், ஏலம் என்று அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து எவை வர வேண்டும் என்பதும் அவற்றில் இருக்கின்றன. வார்டு பொறுப்பில் இருந்தவள் நான். பணியாளர் அட்டவணையும் இருப்புப் பட்டியலும் பார்த்தால் எனக்குத் தெரியும். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் உட்கார்ந்து அதைத்தான் எழுதியிருக்கிறார்.

அன்றைய மருத்துவமனைக் கூடங்கள் மரத்தால் ஆனவை, மக்கிப்போயின. கல்லால் கட்டிய சிறு வழிபாட்டுக் கூடங்கள் நிற்கின்றன. தா கியோ கோயிலின் எதிரே ஒன்று மரங்களுக்குள் இருக்கிறது. பேருந்துகள் அங்கே நிற்பதில்லை. நீங்கள் போனால் கேட்டு இறங்குங்கள். அங்கோர் தாம் வடக்கு வாசலருகே இப்படியொரு மருத்துவமனை இடத்தை 2017இல் கம்போடிய நிபுணர்களோடு சிங்கப்பூர் ஆய்வாளர்களும் சேர்ந்து அகழ்ந்தபோது, ஆளுயரத்துக்கும் மேலான வாயிற்காவலர் சிலை மண்ணிலிருந்து வந்தது.

நமக்கு முன் இங்கே வைத்தியம் இருந்தது என்பதை இவையெல்லாம்தான் குழுவுக்கு உணர்த்தின. கிராமத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, வரிசையில் நிற்பவர்களைப் பார்க்கும்போது, இவர்களுக்கு ஒன்றுமே கிடையாது, நாம்தான் கொடுக்கிறோம் என்ற நினைப்பு தானாக வந்துவிடும். அந்த நினைப்போடு ஊர் திரும்பக் கூடாது.

அங்கோர் வாட்டில் பாற்கடல் கடையும் சிற்பச் சுவரை நடந்து பார்த்தோம். ஏறத்தாழ 49 மீட்டர் நீளம். கால் வலித்தவர்கள் அகழிக்கரையில் இளநீர் குடித்தார்கள்.

மாலையில் ஓர் ஆதரவற்றோர் இல்லத்துக்குப் போகலாம் என்று டுக் டுக் ஓட்டுநர் அழைத்தார். பிள்ளைகள் நடனம் ஆடுவார்களாம். எங்கள் போதகர் கைகூப்பி மறுத்துவிட்டார். எனக்கு நிம்மதி. கம்போடியாவில் இத்தகைய இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் நான்கில் மூவருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருப்பதாக யுனிசெஃப் ஆதரவோடு நடந்த ஆய்வு 2011இல் சொன்னது. வெளிநாட்டார் வந்து பார்த்துப் பணம் தருவதாலேயே ஏழை வீட்டுப் பிள்ளைகள் இல்லங்களுக்கு இழுக்கப்படுகிறார்கள். மிட்டாயும் பொம்மையும் கொண்டு போகும் நல்ல மனசுக்காரர்களுக்கு இது கசக்கும். ஆனாலும் போகாதீர்கள். உதவ விரும்பினால், பிள்ளையைப் பெற்றோரோடு வைத்துக் காப்பாற்றும் அமைப்புகளுக்குக் கொடுங்கள்.

இரவு ஜெபத்துக்குப் பிறகு அடுத்த பயணத்துக்கான மருந்துப் பட்டியலை எடுத்தோம். அதைச் சிங்கப்பூரில் நாங்களே போடுவது வழக்கம். இனி கிராமச் சுகாதார நிலையத்தில் ஆண்டு முழுவதும் வேலை பார்க்கும் கமேர் தாதியிடம் கேட்டுப் போடலாம் என்றார் எங்கள் பல் மருத்துவர். யாரும் மறுக்கவில்லை. மொழிபெயர்க்க உதவும் தம்பி அங்கேயே அந்தத் தாதிக்குச் செய்தி அனுப்பினான். மறுநாள் விமான நிலையத்துக்குக் கிளம்புமுன் பதில் வந்தது. பூச்சி மாத்திரை அவர்களிடம் போதுமான அளவு இருக்கிறதாம். சர்க்கரை பார்க்கும் பட்டைகள்தான் வேண்டுமாம்.